டைட்டஸ்வில்லும் பிட்ஹோலும்: ஒரே எண்ணெய்தான், ஒரு ஊர் நின்றது, இன்னொன்று போனது

நிலவரைவி எழுதியது:

பென்சில்வேனியாவின் வடமேற்கில் டைட்டஸ்வில் என்று ஒரு சின்ன நகரம். இன்றைக்கு அங்கே வசிப்பவர்கள் 5,000 பேருக்குக் கொஞ்சம் மேல். ஊருக்குத் தெற்கே ஆயில் கிரீக் என்ற ஓடைக்கரையில் எட்வின் டிரேக் போட்ட கிணறு 1859 ஆகஸ்ட் 27, சனிக்கிழமை 69½ அடி ஆழத்தை எட்டியது. வேலையை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போனார்கள். மறுநாள் துளை வேலை பார்த்த பில்லி ஸ்மித் வந்து குழாய்க்குள் பார்த்தால் எண்ணெய் மேலே ஏறி நின்றிருக்கிறது. அமெரிக்க எண்ணெய்த் தொழில் தொடங்கிய இடம் அதுதான்.

அங்கிருந்து ஏறக்குறைய பத்து மைலில் பிட்ஹோல். 1865 ஜனவரியில் ஃபிரேசியர் கிணற்றில் எண்ணெய் பீறிட்டது. மே மாதம் மனை பிரித்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் சுமார் 15,000 பேர், 50-க்கும் மேற்பட்ட விடுதிகள், தினசரிப் பத்திரிகை எல்லாம் வந்துவிட்டன. 1870 கணக்கெடுப்பில் 300 பேர்கூட இல்லை. 1877-ல் நகர அந்தஸ்தும் ரத்தானது. இப்போது போனால் புல் சரிவுதான். எங்கே தெரு ஓடியதோ அங்கே மட்டும் புல்லை ஒட்ட வெட்டி வைத்திருக்கிறார்கள். அதைப் பிடித்து நடந்தால் எந்தத் தெரு எங்கே திரும்பியது என்று தெரியும்.

ஒரே வட்டாரம், ஒரே எண்ணெய். ஒன்று ஏன் நின்றது, இன்னொன்று ஏன் போனது? எண்ணெயை எடுத்த ஊர், எண்ணெய் எடுப்பதற்கு வேண்டிய சாமான்களைச் செய்த ஊர் என்ற வித்தியாசம்தான் காரணம் என்பது என் கட்சி. டைட்டஸ்வில்லில் கொதிகலன், நீராவி இன்ஜின், துளைக் கருவிகள் எல்லாம் செய்தார்கள். உள்ளூர்க் கிணறு வற்றினாலும் வெளியூர்க் கிணறுகளுக்கு விற்க முடிந்தது. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

பழையரயில் எழுதியது:

நல்ல இழை. பட்டறைக்கு முன்னால் ரயிலைச் சொல்ல வேண்டும். 1862-லேயே கோரி என்ற ஊரிலிருந்து டைட்டஸ்வில்லுக்குத் தண்டவாளம் வந்துவிட்டது. பிட்ஹோல் எண்ணெய்க்கு அது பிறந்தபோது குதிரை வண்டிதான் வழி.

அந்த வண்டிப் பாதைகளைப் பற்றிப் படித்தால் வயிறு கலங்கும். சகதி குதிரையின் வயிறு வரைக்கும். அதில் எண்ணெயும் கலந்திருப்பதால் குதிரைகளுக்கு முடி கொட்டிப்போகும். விழுந்த குதிரையை அங்கேயே விட்டுவிட்டுப் போவார்கள். ஐந்தாறு மைல் தூரத்துக்கு ஒரு பீப்பாய்க்கு மூன்று டாலருக்கு மேல் கேட்பார்கள். கொடுக்காமல் வேறு வழி இல்லை.

ரயில் வருவதற்கு முன் ஓடை வழியாகவும் அனுப்பினார்கள். ஆயில் கிரீக்கில் பெரிய படகு மிதக்கத் தண்ணீர் போதாது. அதனால் மேலே மர அறுவை ஆலைகளின் அணைகளில் தண்ணீரைத் தேக்கி, குறித்த நாளில் திறந்துவிடுவார்கள். அந்த வெள்ளத்தோடு நூற்றுக்கணக்கான படகுகள் ஆயில் சிட்டி வரை ஓடி, அலகேனி ஆற்றில் இறங்கி, பிட்ஸ்பர்க் போகும். ஒரு படகு குறுக்கே திரும்பினால் பின்னால் வருவதெல்லாம் அதில் மோதும். பீப்பாய்கள் உடைந்து எண்ணெய் அத்தனையும் தண்ணீரில் போகும்.

1865-ல் சாமுவேல் வான் சிக்கல் பிட்ஹோலிலிருந்து மில்லர் பண்ணை ரயில் நிலையம் வரை இரண்டு அங்குலக் குழாய் போட்டார், ஐந்து மைலுக்குக் கொஞ்சம் மேல். இரும்புக் குழாயில் பம்பு வைத்து எண்ணெயைத் தள்ளி லாபம் பார்த்த முதல் ஏற்பாடு அது. வண்டிக்காரர்கள் குழாயைத் தோண்டி உடைத்தார்கள். ஆயுதம் ஏந்திய காவல் போட வேண்டியிருந்தது. கடைசியில் வான் சிக்கல் கடனுக்காக வங்கியிடம் குழாயை இழந்தார். யோசனை மட்டும் உலகம் முழுக்கப் போய்விட்டது.

செம்மண்_காடு எழுதியது:

ஒரு அடிப்படைச் சந்தேகம். டிரேக்தான் முதல் என்கிறோமே, பர்மாவில் யெனாஞ்சாங் பக்கம் கையாலேயே கிணறு தோண்டி அதற்கு வெகுகாலம் முன்பே எண்ணெய் இறைத்தார்களே? பாக்குவிலும் 1840-களிலேயே துளை போட்டார்கள். கனடாவில் ஒன்டாரியோவில் 1858-ல் வில்லியம்ஸ் எண்ணெய் எடுத்து விற்றார். அப்படியிருக்க டைட்டஸ்வில்லுக்கு மட்டும் ஏன் இந்தப் பட்டம்?

துளைக்காரன் எழுதியது:

செம்மண், நீங்கள் சொன்ன மூன்றும் சரி. அந்தப் பள்ளத்தாக்கிலேயே டிரேக்குக்கு முன் செனகா பழங்குடியினர் ஓடையில் மிதக்கும் எண்ணெயைப் போர்வையில் நனைத்துப் பிழிந்து எடுத்தார்கள். பிட்ஸ்பர்க்கில் சாமுவேல் கியர் உப்புக் கிணற்றில் வந்த எண்ணெயைப் புட்டியில் அடைத்து மருந்து என்று விற்றார். எண்ணெய் இருப்பது எல்லோருக்கும் தெரியும். 1855-ல் யேல் பேராசிரியர் சில்லிமன் அதைக் காய்ச்சிப் பிரித்து, விளக்கெரிக்க நல்ல எண்ணெய் கிடைக்கும் என்று அறிக்கையும் கொடுத்துவிட்டார். தேவைப்பட்டது அளவு.

டிரேக் செய்த காரியம் வேறு. நான் துளை வேலை பார்ப்பவன், அதனால் இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். ஓடைக்கரை என்பதால் மேலே தளர்ந்த மண்ணும் சரளையும். தோண்டத் தோண்டத் தண்ணீர் ஊறி, பக்கம் சரிந்து குழி மூடிக்கொண்டது. டிரேக் வார்ப்பிரும்புக் குழாயைப் பத்தடி துண்டுகளாக வாங்கி, கனமான மரத்தால் மேலே அடித்து, 32 அடியில் பாறை தட்டும் வரை இறக்கினார். பிறகு குழாய்க்குள் உளியை விட்டு, நீராவி இன்ஜின் வைத்துத் தூக்கித் தூக்கிப் போட்டுப் பாறையைக் குத்தினார்கள். நாளைக்கு மூன்றடி போனால் நல்ல நாள். இன்று நம் ஊரில் போர் போடும்போது மண் சரியாமல் கேசிங் பைப் இறக்குகிறோமே, அதே யோசனை. உப்புக் கிணறு போட்டுப் பழகிய பில்லி ஸ்மித் கொல்லர், கருவிகளைத் தானே அடித்துக்கொண்டு வந்தார். அவர் இல்லாவிட்டால் டிரேக்கால் முடிந்திருக்காது என்பது என் உறுதியான எண்ணம்.

டிரேக் காப்புரிமை வாங்கவில்லை. எல்லோரும் அதே மாதிரி செய்தார்கள். ஒன்றிரண்டு ஆண்டுக்குள் ஓடை நெடுக டெரிக் கோபுரங்கள். டைட்டஸ்வில்லுக்குப் பட்டம் கிடைத்தது இதனால்தான்: அங்கிருந்து ஒரு தொழிலே பரவியது.

கணக்குப்பிள்ளை எழுதியது:

விலையைப் பார்க்காமல் இந்த ஊர்களைப் புரிந்துகொள்ள முடியாது. 1860 தொடக்கத்தில் ஒரு பீப்பாய் எண்ணெய் 20 டாலர் அளவில் போனது. 1861-ல் ஓடையின் கீழ்ப்பகுதியில் தானாகப் பீறிடும் கிணறுகள் கிடைத்தன. எம்பயர் கிணறு நாளுக்கு 3,000 பீப்பாய். அந்த ஆண்டு முடிவில் விலை 10 சென்ட். காலிப் பீப்பாய் அதைவிடப் பல மடங்கு விலை! எண்ணெயை ஓடையில் விட்டவர்கள் உண்டு. பம்பு வைத்து இறைத்தவர்களின் கிணறுகள் அப்படியே நின்றுபோயின.

இன்றும் உலகம் முழுக்க எண்ணெயை 42 கேலன் பீப்பாய்க் கணக்கில் சொல்கிறார்கள் இல்லையா? அதுவும் இந்தப் பகுதியில் முடிவானதுதான். 1866-ல் உற்பத்தியாளர்கள் கூடி, 40 கேலனுக்கு விலை, வழியில் கசிவதற்காக இரண்டு கேலன் கூடுதல் என்று ஒத்துக்கொண்டார்கள். வாங்குபவனுக்கு நம்பிக்கை வர வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு.

தெற்குவீதி எழுதியது:

நிலவரைவியின் கேள்விக்கு வருகிறேன். பிட்ஹோல் அழிந்ததற்கு நிலம் ஒரு காரணம். பிட்ஹோல் எழுந்த ஹோல்ம்டன் பண்ணையை வாங்கிய ஆட்கள் மனைகளைப் பெரும்பாலும் குத்தகைக்குத்தான் விட்டார்கள். சில ஆண்டுக்கு மட்டும் தனக்குச் சொந்தமான இடத்தில் யார் செங்கல் வைத்துக் கட்டுவார்கள்? பலகையை அடித்து எழுப்பினார்கள். 1866-ல் கிணறுகள் சுரப்பது குறைந்தது, அடுத்தடுத்துத் தீ பிடித்தது. மிச்சமிருந்த கட்டடங்களைப் பிரித்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

அப்படிப் போனதில் ஒன்றை இன்றும் பார்க்கலாம். பிட்ஹோலில் போன்டா ஹவுஸ் என்று ஒரு பெரிய விடுதி. கட்டச் செலவு 60,000 டாலர் என்பார்கள். ஃபிராங்க்ளின் டார்பெல் அதை 600 டாலருக்கு வாங்கி, சன்னல், கதவு, மரவேலைப்பாடு எல்லாவற்றையும் டைட்டஸ்வில்லுக்குக் கொண்டுவந்து, 1870-ல் மெயின் தெருவில் குடும்பத்துக்கு வீடு கட்டினார். டார்பெல் எண்ணெய்க்கு மரத் தொட்டி செய்து பிழைத்தவர். உயரமான சன்னல்களும் மேலே கோபுர அறையும் உள்ள வீடு. இப்போது அதைப் புதுப்பித்து வைத்திருக்கிறார்கள். நிலவரைவி சொன்ன 'சாமான் செய்த ஊர்' வாதத்துக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது: எண்ணெய் எடுத்த ஊரின் விடுதியை, தொட்டி செய்தவர் பிரித்துக்கொண்டு வந்திருக்கிறார்.

அந்த வீட்டில் வளர்ந்த மகள்தான் ஐடா டார்பெல். 1902 முதல் மெக்ளூர்ஸ் பத்திரிகையில் ஸ்டாண்டர்ட் ஆயில் நிறுவனத்தின் வரலாற்றைத் தொடராக எழுதி அதன் முதலாளி ராக்ஃபெல்லரை உலுக்கியவர்.

கடலோடி எழுதியது:

தெற்குவீதி, ஐடா டார்பெல்லைச் சொன்னதற்கு நன்றி. 1872-ஐ விட்டுவிட்டால் இந்த ஊரின் பாதிக் கதை போய்விடும்.

ரயில் நிறுவனங்களும் சில பெரிய சுத்திகரிப்பாளர்களும் சேர்ந்து சவுத் இம்ப்ரூவ்மென்ட் கம்பெனி என்று ஒன்றை ரகசியமாக அமைத்தார்கள். ராக்ஃபெல்லரும் அதில் முக்கியமானவர். சரக்குக் கட்டணம் எல்லோருக்கும் ஏறும், உறுப்பினர்களுக்கு மட்டும் தள்ளுபடி. அதோடு போட்டியாளர் கட்டிய கட்டணத்திலும் ஒரு பங்கு உறுப்பினர்களுக்குப் போகும். என் எதிராளி அனுப்பும் ஒவ்வொரு பீப்பாய்க்கும் எனக்குப் பணம் வரும் என்றால் எதிராளி எப்படிப் பிழைப்பார்?

பிப்ரவரி இறுதியில் கட்டணம் திடீரென்று இரட்டிப்பானதும் விஷயம் வெளியே வந்தது. டைட்டஸ்வில் ஆப்பரா ஹவுஸில் ஊரே கூடியது. சங்கம் அமைத்தார்கள். அந்தக் கம்பெனியைச் சேர்ந்தவர்களுக்கு ஒரு பீப்பாய் எண்ணெய்கூட விற்பதில்லை, புதுக் கிணறு போடுவதில்லை என்று தீர்மானம். சில வாரங்களில் ரயில் நிறுவனங்கள் இறங்கிவந்தன, அந்தக் கம்பெனியின் உரிமமும் ரத்தானது. ஐடாவுக்கு அப்போது 14 வயது. அப்பா கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்த முகத்தைப் பார்த்து வளர்ந்தவர்.

இந்த வெற்றி அரை வெற்றிதான். அந்தச் சில மாதங்களுக்குள் கிளீவ்லாந்தில் இருந்த 26 ஆலைகளில் 22-ஐ ராக்ஃபெல்லர் வாங்கி முடித்திருந்தார். டைட்டஸ்வில்லில் எதிர்ப்புக்கு முன்னால் நின்ற ஜான் ஆர்ச்போல்டே பின்னால் ஸ்டாண்டர்ட் ஆயிலில் சேர்ந்து அதன் தலைமைக்கு வந்தார். ஆனால் அதே ஊர்க்காரரான பைரன் பென்சன் 1879-ல் டைட்வாட்டர் என்ற எண்ணெய்க் குழாயை அலகேனி மலைத் தொடரைத் தாண்டி 109 மைல் போட்டார். மலை ஏற்றத்தில் எண்ணெயைத் தள்ள முடியாது என்று எத்தனையோ பேர் சொன்னார்கள். எண்ணெய் ஏறியது.

ஊர் என்றால் வேலை மட்டும் இல்லை. ஒன்றுகூடத் தெரிந்த மனிதர்களும் வேண்டும். பிட்ஹோலில் ஆளுக்கு ஆள் தெரியாது. டைட்டஸ்வில்லில் கோயில், பள்ளி, வங்கி, பத்திரிகை என்று ஒருவரை ஒருவர் தெரிந்திருந்தது. பட்டறையைவிட இது பெரிய காரணம் என்பது என் கருத்து.

ஈரக்கல் எழுதியது:

எல்லோரும் இந்தத் தொழிலின் வீரத்தைப் பேசுகிறீர்கள். செத்தவர்களையும் பேச வேண்டும்.

1861 ஏப்ரல் 17, ரவுஸ்வில். ஹென்றி ரவுஸின் கிணறு பீறிட்டது, வாயு பரவி அருகில் எரிந்த நெருப்பில் பற்றியது. 19 பேர் இறந்தார்கள், ரவுஸும் ஒருவர். உடலெல்லாம் வெந்த நிலையில் உயிலைச் சொல்லி எழுதவைத்தார். வேலையாட்களையும் நண்பர்களையும் ஒவ்வொருவராக நினைத்துச் சொல்லிவிட்டு, மீதிச் சொத்தில் வாரன் மாவட்டத்துச் சாலைகளுக்கும் ஏழைகளுக்கும் எழுதிவைத்தார். அந்தப் பணத்தில் எழுந்த இல்லம் பின்னால் முதியோர் பராமரிப்பு இல்லமாகத் தொடர்ந்தது.

அப்புறம் 1892 ஜூன் 5. கனமழையில் மேலே ஒரு அணை உடைந்து ஆயில் கிரீக்கில் வெள்ளம். சுத்திகரிப்பு ஆலைகளின் தொட்டிகள் சாய்ந்து எண்ணெய் தண்ணீர்மேல் பரவியது. அதில் தீ பிடித்தது. வெள்ளத்துக்குப் பயந்து மேலே ஏறியவர்களை நெருப்பு பிடித்தது, நெருப்புக்குப் பயந்து குதித்தவர்களை வெள்ளம் கொண்டுபோனது. டைட்டஸ்வில், ஆயில் சிட்டி இரண்டிலும் சேர்த்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஓடைக்கரையிலேயே ஆலையும் தொட்டியும் வீடும் நெருக்கி வைத்ததன் விலை அது.

நைட்ரோகிளிசரின் வேறு. கிணற்றுக்குள் வெடி வைத்துப் பாறையைப் பிளந்தால் எண்ணெய் கூடுதலாக வரும் என்று 1865-ல் எட்வர்ட் ராபர்ட்ஸ் காட்டினார். காப்புரிமை ராபர்ட்ஸ் கையில், கட்டணமும் அதிகம். அதனால் இரவில் திருட்டுத்தனமாக வெடி வைக்கும் ஆட்கள் கிளம்பினார்கள். நைட்ரோகிளிசரின் குப்பிகளை வைத்துக்கொண்டு, குலுங்கும் வண்டியில், இருட்டில் காட்டுப் பாதையில் போவது. வண்டி வெடித்தால் அடக்கம் செய்யக்கூட எதுவும் மிஞ்சாது.

துளைக்காரன் எழுதியது:

ஈரக்கல் சொன்னதோடு கைவிட்ட கிணறுகளையும் சேர்க்க வேண்டும். டைட்டஸ்வில்லைச் சுற்றிக் காட்டில் நடந்தால் மரங்களுக்கு நடுவே துருப்பிடித்த குழாய் நிற்கும். சிலவற்றில் குழாய்கூட இருக்காது, குழி மட்டும். மழை பெய்து தண்ணீர் தேங்கினால் குமிழ் வரும். அது மீத்தேன். சிலவற்றில் எண்ணெயும் உப்புத் தண்ணீரும் ஊறி ஓடைக்குப் போகும்.

பென்சில்வேனியாவில் இப்படி எத்தனை என்பதற்கு மதிப்பீடுதான் உண்டு, சில லட்சங்கள். மாநில அரசு கண்டுபிடித்துப் பட்டியலில் சேர்த்தவை அதில் சிறு பகுதி. தொடங்கி ஏறக்குறைய நூறு ஆண்டுக்குப் புதுக் கிணறு போட அனுமதிச் சீட்டே தேவைப்படவில்லை, வரைபடமும் இல்லை. எண்ணெய் நின்றால் மரக்கட்டை, கல், கையில் கிடைத்ததைப் போட்டு மூடிவிட்டுப் போனார்கள். உலகப் போர்க் காலத்தில் பழைய இரும்புக்காகக் குழாய்களையும் உருவிக்கொண்டார்கள், துளை உள்ளே இடிந்துபோனது.

ஒரு கிணற்றைச் சரியாக அடைக்க வேண்டுமென்றால் பழைய குப்பையையெல்லாம் அடிவரை துளைத்து எடுத்து, கீழிருந்து மேலாகச் சிமென்ட் கலவையை நிரப்ப வேண்டும். 1870-களில் ஒருவர் உள்ளே போட்ட மரக்கட்டையை இன்றைய ஆள் ரிக் வைத்து நாள்கணக்கில் குத்தி எடுக்கிறார். 2021-ல் கூட்டரசு நாடு முழுவதற்கும் 470 கோடி டாலர் ஒதுக்கியது. பென்சில்வேனியாவில் மட்டும் இருப்பதைப் பார்த்தால் அது ஆரம்பத்துக்குத்தான் போதும்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

துளைக்காரன் அண்ணா, அடைக்கும் செலவை யார் தர வேண்டும் என்பதுதான் எனக்கு உறுத்தல். லாபம் எடுத்த கம்பெனிகளில் பல 1870-களிலேயே மூழ்கிவிட்டன. மிச்சத்தைப் பெரிய கம்பெனிகள் வாங்கின. இன்று அந்த நிலத்தில் வீடு வைத்திருப்பவருக்கும் கிணற்றுக்கும் சம்பந்தமே இல்லை.

டிரேக்கின் கதையும் இதே கணக்குதான். கிணற்றுக்குப் பணம் போட்ட நியூ ஹேவன் முதலாளிகள் பணம் அனுப்புவதை நிறுத்தியபோது, உள்ளூர் நண்பர்கள் இரண்டு பேர் ஜாமீன் போட்டு 500 டாலர் கடன் வாங்கித் தந்துதான் கிணறு முடிந்தது. எண்ணெய் கிடைத்த பின் டிரேக் கையிருப்பைப் பங்கு வியாபாரத்தில் இழந்தார். நோயும் வறுமையும். 1873-ல் மாநிலச் சட்டமன்றம் ஆண்டுக்கு 1,500 டாலர் உதவித்தொகை கொடுத்தது. 1880-ல் பெத்லஹேமில் இறந்தார். 1901-ல் டைட்டஸ்வில் கல்லறைத் தோட்டத்தில் பெரிய நினைவுச்சின்னம் எழுப்பினார்கள், சுத்தியல் ஓங்கும் துளைக்காரரின் வெண்கலச் சிலையோடு. செலவைத் தந்தவர் ஸ்டாண்டர்ட் ஆயிலின் ஹென்றி ரோஜர்ஸ். உடலையும் பிறகு அங்கே கொண்டுவந்தார்கள். உயிரோடு இருந்தபோது அந்தப் பணத்தில் கொஞ்சம் கொடுத்திருக்கலாம்.

புதுவரவு எழுதியது:

இந்த இழையைப் படித்துவிட்டுக் குடும்பத்தோடு போகலாம் என்று இருக்கிறோம். பிட்ஸ்பர்க்கிலிருந்து எவ்வளவு தூரம்? பிள்ளைகளுக்குப் பார்க்க என்ன இருக்கிறது?

பழையரயில் எழுதியது:

வடக்கே சுமார் 100 மைல், இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். டிரேக் கிணறு அருங்காட்சியகம் முதலில். அதே இடத்தில் மரக் கோபுரமும் இன்ஜின் கொட்டகையும் திரும்பக் கட்டி வைத்திருக்கிறார்கள். வெளியே ஒரு அமைப்பைத் தவறவிடாதீர்கள்: நடுவில் ஒரே இன்ஜின், அதிலிருந்து நாலா பக்கமும் நீண்ட இரும்புக் கம்பிகள் போய், தூரத்துப் பம்புகளை முன்னும் பின்னும் இழுக்கும். காடு மேடு தாண்டி இப்படிப் பத்திருபது கிணறுகளை ஒரே இன்ஜினில் இறைத்தார்கள். புகைபோக்கியில் ஒரு குழலை மாட்டி, ஒவ்வொரு இன்ஜினும் ஒவ்வொரு மாதிரிக் குரைக்கும்படி செய்திருந்தார்கள். பம்பு பார்க்கும் ஆள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும், தன் இன்ஜின் சத்தம் நின்றால் தெரிந்துவிடும்.

ஆயில் கிரீக் ஓரமாகவே சுற்றுலா ரயில் ஓடுகிறது. அதில் அஞ்சல் அலுவலகமாகவே ஒரு ரயில் பெட்டி உண்டு, பிள்ளைகள் அங்கிருந்து தபால் அட்டை போடலாம். ரயில் ஓடும் நாட்களைப் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். மக்ளின்டாக் முதல் கிணறு ரவுஸ்வில் பக்கம், 1861-ல் போட்டது, எண்ணெய் தருவதில் உலகிலேயே பழையது என்று காட்டுவார்கள்.

தெற்குவீதி எழுதியது:

நிலவரைவி, உங்கள் பட்டறை வாதத்துக்கு ஒரு மறுப்பு. பதினைந்து மைல் தெற்கே ஆயில் சிட்டியைப் பாருங்கள். இன்ஜின் ஆயில் கம்பெனியான குவேக்கர் ஸ்டேட்டின் தலைமையகமே அங்கேதான் இருந்தது. பென்சில்வேனியா எண்ணெயில் மெழுகு அதிகம், கந்தகம் குறைவு, அதனால் இன்ஜின் ஆயிலுக்கு முதல் தரம். கிணறு குறைந்தபோதும் அந்தப் பெயரை வைத்தே ஊர் பிழைத்தது. 1930-ல் 22,000 பேர். 1990-களின் நடுவில் தலைமையகம் டெக்சஸுக்குப் போனது. இன்று 10,000 பேருக்கும் குறைவு. டைட்டஸ்வில்லின் இரும்பு, எஃகு ஆலைகளும் ஒவ்வொன்றாகச் சுருங்கின. எண்ணெய் போல ஆலையும் ஒருநாள் போகத்தான் செய்கிறது.

நிலவரைவி எழுதியது:

போகிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பிட்ஹோல் ஒரு வருஷத்தில் போனது, டைட்டஸ்வில்லின் ஆலைகள் போக நூறு ஆண்டு ஆனது. அந்த நூறு ஆண்டில் நாலு தலைமுறை அங்கே படித்து, வீடு கட்டி, சேமித்திருக்கிறது. 1963-ல் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகம் அங்கே ஒரு கிளை திறந்தது. அந்த வளாகத்தில் பின்னால் கைத்தொழில் பயிற்சிக்கும் இடம் கொடுத்தார்கள். கடலோடி சொன்ன மனிதர்களும் நான் சொன்ன பட்டறையும் சேர்ந்துதான் அந்தக் காலத்தை வாங்கிக் கொடுத்தன.

துளைக்காரனிடம் ஒன்று கேட்க வேண்டும். கிணறு அடைக்கும் வேலைக்கு உள்ளூர் ஆட்களை எடுக்கிறார்களா, வெளியூர் ஒப்பந்தக்காரர்களா?

துளைக்காரன் எழுதியது:

எனக்குத் தெரிந்தவரை இரண்டும் உண்டு. இந்த வேலைக்குப் பழைய கிணறுகளின் புத்தி தெரிந்திருக்க வேண்டும்: எந்தக் காலத்துக் குழாய், எந்த ஆழத்தில் இடிந்திருக்கும், உள்ளே என்ன போட்டிருப்பார்கள் என்று. அப்பா, தாத்தா காலத்திலிருந்து அங்கே பம்பு பார்த்த குடும்பங்களுக்கு அது தெரியும். பழைய பண்ணைகளின் குத்தகைப் பத்திரங்களை வைத்து, காட்டுக்குள் போய்க் கிணறு தேடுவதும் இதே வேலையில் ஒரு பகுதி. இப்போது டிரோனில் காந்தமானியைக் கட்டிப் பறக்கவிட்டு மண்ணுக்குள் இருக்கும் குழாயைக் கண்டுபிடிக்கிறார்கள். குழாயை உருவிவிட்ட கிணறு அதில் சிக்காது. அதற்கு உள்ளூர் ஆள்தான் வேண்டும்.